கொதிக்கும் எண்ணெயில் நீர் செய்யும் வேலை

செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரம் போகும் சாலையில், வாலாஜாபாத்துக்குச் சற்று முன்னால், பாலாற்றின் கரையில் இருக்கிறது பழையசீவரம். குன்றின் மேல் லட்சுமி நரசிம்மர் கோயில். எதிர்க்கரையில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில், திருமுக்கூடல். பொங்கலை ஒட்டிக் காஞ்சி வரதராஜப் பெருமாள் பார்வேட்டைக்கு எழுந்தருளும் ஊர் என்றால் மாவட்டத்தில் பலருக்கும் சட்டென்று நினைவுக்கு வரும்.

இந்தப் பக்கத்தில் பொரித்த கோழி சாப்பிட ஆசைப்படுகிறவருக்கு இரண்டு வழிகள் உண்டு. மாலையில் சாலையோரம் சட்டி வைக்கும் சிக்கன் பக்கோடா கடையில் 100 கிராம், 200 கிராம் என்று நிறுத்து வாங்கிக் கையேந்தி நின்று சாப்பிடலாம். அல்லது பேருந்து ஏறி காஞ்சிபுரத்துக்கோ செங்கல்பட்டுக்கோ போய், குளிரூட்டிய கூடத்தில் உட்கார்ந்து, காகித வாளியில் வரும் கோழியைப் பிய்த்துச் சாப்பிடலாம். விலையிலும் விளம்பரத்திலும் இரண்டுக்கும் எட்டாத தூரம். அறிவியலைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். இரண்டு இடத்திலும் மாவு பூசிய கோழித்துண்டு சூடான எண்ணெயில் விழுகிறது. அதன் பிறகு நடப்பதையெல்லாம் தீர்மானிப்பது, கறிக்குள் இருக்கும் தண்ணீர்.

பொரித்த கோழியின் ருசிக்குக் காரணம் மசாலா ரகசியம் என்றே பலரும் நம்புகிறார்கள். மசாலாவுக்கு அதில் பங்கு உண்டு. ஆனால் மொறுமொறுப்பு, உள்ளிருக்கும் சாறு, பொன்னிறம், நமத்துப்போவது, எண்ணெய் கெடுவது ஆகிய எல்லாவற்றிலும் நீரின் கை இருக்கிறது. அந்தக் கணக்கைத்தான் இந்த அத்தியாயத்தில் பார்க்கப் போகிறோம்.

சட்டியில் எழும் குமிழ்கள்

எண்ணெய் காய்ந்துவிட்டதா என்று பார்க்க, கடைக்காரர் ஒரு சொட்டு மாவை அதில் விடுவார். அடியில் போய்த் தங்கினால் இன்னும் காயவேண்டும். விழுந்தவுடன் சீறிக்கொண்டு மேலே வந்தால் பதம். வெப்பமானி எதுவும் இல்லாமல் அவர் ஏறக்குறைய 170 முதல் 180 டிகிரி செல்சியஸைக் கண்டுபிடித்துவிடுகிறார்.

பிறகு கோழித்துண்டுகளை ஒவ்வொன்றாக விடுகிறார். சட்டி முழுக்கக் குமிழ்கள். எண்ணெய் கொதிக்கிறது என்று நாம் சொல்கிறோம். உண்மையில் அந்தச் சூட்டில் எண்ணெய் கொதிப்பதில்லை. கொதிப்பது தண்ணீர். பச்சைக் கோழிக்கறியின் எடையில் முக்கால் பங்கு நீர்தான். எண்ணெயின் சூடு பட்டதும் துண்டின் மேற்புறத்து நீர் 100 டிகிரியைத் தொட்டு ஆவியாகிறது. ஆவியாகும்போது அதன் கன அளவு சுமார் 1,600 மடங்கு பெருகுகிறது. அதனால்தான் ஒரு சிறு துண்டிலிருந்து அத்தனை குமிழ்கள்.

ஒரு கிராம் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்க 70 கலோரி வெப்பம் போதும். அதே ஒரு கிராமை 100 டிகிரியிலேயே ஆவியாக்க மேலும் 540 கலோரி வேண்டும். எண்ணெய் தரும் வெப்பத்தின் பெரும்பகுதியை இந்த ஆவியாதலே விழுங்கிவிடுகிறது. எனவே வெளியே எண்ணெய் 175 டிகிரியில் இருந்தாலும், ஈரம் இருக்கும்வரை துண்டின் உட்புறம் 100 டிகிரியைத் தாண்டாது. வெளியே பொரிகிறது, உள்ளே தன் சொந்த ஈரத்தில் வேகிறது. ஒரே துண்டில் ஒரே நேரத்தில் இரண்டு விதமான சமையல்.

வெளியேறும் ஆவி இன்னொரு காரியமும் செய்கிறது. படம் முடிந்து கூட்டம் வெளியேறும் தியேட்டர் வாசலில் எதிரே ஒருவர் உள்ளே நுழைய முடியாததுபோல, ஆவி வேகமாக வெளியே வந்துகொண்டிருக்கும் துளைகளில் எண்ணெய் புக முடிவதில்லை. எண்ணெய் பெருமளவு உள்ளே போவது, துண்டைச் சட்டியிலிருந்து எடுத்த பிறகுதான். சூடு தணியும்போது துளைகளில் மிஞ்சிய ஆவி மீண்டும் நீராகச் சுருங்குகிறது. அங்கே அழுத்தம் குறைந்து, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெய் உறிஞ்சப்படுகிறது. எடுத்த கையோடு ஜல்லிக்கரண்டியை நன்றாக உதறுவதும், சூட்டோடு கம்பிவலையில் வடியவிடுவதும் இதனால்தான் பலன் தருகின்றன. ஆறிய பிறகு காகிதத்தில் ஒற்றி எடுத்தால் மேலே இருப்பது மட்டும் போகும். உள்ளே போனது போனதுதான்.

அனுபவப்பட்ட கைகள் காதாலும் சமைக்கும். முதலில் சளசளவென்று இரைந்த சட்டி, சில நிமிடங்களில் அடங்கத் தொடங்கும். மேற்புறத்து ஈரம் தீர்ந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம். கடைசியில் ஒரு கொத்துக் கறிவேப்பிலையைப் போட்டால் மறுபடி படபடவென்று வெடிக்கும். இலைக்குள் இருந்த நீர் நொடியில் ஆவியாகிறது. சத்தம் நின்றதும் இலை கண்ணாடிபோல் உடையும்.

மேலோடு

மாவு பூசாமல் கோழியைப் பொரித்தால் மேற்புறம் காய்ந்து இறுகிவிடும். மாவு அந்தச் சூட்டைத் தான் ஏற்றுக்கொள்கிறது. மைதா, சோளமாவு, அரிசிமாவு எதுவானாலும் அதில் இருப்பது பெரும்பாலும் ஸ்டார்ச். ஈரமும் சூடும் சேர்ந்ததும் ஸ்டார்ச் மணிகள் நீரைக் குடித்து உப்பி, கூழாகி, ஒன்றோடொன்று ஒட்டுகின்றன. அந்தக் கூழிலிருந்து நீர் ஆவியாக வெளியேறும்போது எண்ணற்ற நுண்துளைகள் கொண்ட ஓடு மிஞ்சுகிறது. பல்லில் பட்டதும் நொறுங்குவது இந்தத் துளைச்சுவர்கள்தான்.

மைதாவில் குளூட்டன் என்ற புரதம் உண்டு. அது ஓட்டைக் கறியோடு பிடித்துவைக்கும். அதிகமானால் ரப்பர்போல் இழுக்கும். அரிசிமாவிலும் சோளமாவிலும் குளூட்டன் கிடையாது. அவை சேர்ந்தால் ஓடு மெல்லியதாகி நன்றாக நொறுங்கும். நம் வீட்டுப் பக்கோடாவில் கடலைமாவோடு ஒரு பிடி அரிசிமாவு கலக்கும் வழக்கத்தின் பின்னணியும் இதுவே.

மொறுமொறுப்பாக இருக்கும்போது ஓடு, இயற்பியல் கணக்கில், கண்ணாடி நிலையில் இருக்கிறது. மூலக்கூறுகள் இடம்விட்டு நகர முடியாமல் உறைந்திருக்கும். கொஞ்சம் நீர் உள்ளே புகுந்தாலும் அவை நெகிழ்ந்து, கண்ணாடி நிலை குலைந்து, ஓடு தோல்போல் ஆகிவிடும். நமத்துப்போவது என்று நாம் சொல்வது இதைத்தான். பார்சல் வாங்கும்போது இது தெளிவாகத் தெரியும். சூடான கோழியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக முடிந்தால், உள்ளிருந்து வரும் ஆவிக்குப் போக்கிடம் இல்லை. பையின் சுவரில் நீராகப் படிந்து ஓட்டிலேயே திரும்ப விழுகிறது. செங்கல்பட்டில் வாங்கிய கோழி பழையசீவரம் வந்து சேர்வதற்குள் மொறுமொறுப்பை இழந்துவிடும். பார்சலின் வாயைக் கொஞ்சம் திறந்துவைத்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

பொன்னிறமும் மணமும்

நீர் இருக்கும்வரை 100 டிகிரிக்கு மேல் போகாது என்று பார்த்தோம். மேற்புறத்து ஈரம் வற்றிய பிறகே அங்கே வெப்பம் ஏறுகிறது. ஏறக்குறைய 140 டிகிரியைத் தாண்டும்போது, புரதங்களின் அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் வேகமாக வினைபுரியத் தொடங்குகின்றன. இந்த வினையை 1912ஆம் ஆண்டில் விவரித்தவர் பிரான்சு நாட்டு வேதியியலாளர் லூயி கமீல் மையார். அவர் பெயராலேயே அது மையார் வினை எனப்படுகிறது. தோசையின் முறுகல், காப்பிக்கொட்டையின் வறுத்த மணம், ரொட்டியின் மேல்தோல், பொரித்த கோழியின் பொன்னிறம் எல்லாம் இந்த ஒரே குடும்பத்து வினைகளின் விளைவு. நூற்றுக்கணக்கான புதிய மணப்பொருள்கள் இதில் பிறக்கின்றன. அவித்த கோழிக்கும் பொரித்த கோழிக்கும் மணத்தில் இவ்வளவு வேறுபாடு இருப்பது இதனால்தான். அவித்த கோழியைச் சுற்றி எப்போதும் நீர் இருக்கிறது. அதன் மேற்புறம் 140 டிகிரியைப் பார்ப்பதே இல்லை.

இதே வினைக்கு ஒரு வேண்டாத பக்கமும் இருக்கிறது. மாவுப்பொருளில் உள்ள அஸ்பராஜின் என்ற அமினோ அமிலம் சர்க்கரையோடு வினைபுரிந்து அக்ரிலமைடு என்ற பொருளை உண்டாக்கும். பொரித்த, சுட்ட மாவுணவுகளில் இது இருப்பதை 2002இல் ஸ்வீடன் விஞ்ஞானிகள் வெளிப்படுத்தினார்கள். நிறம் கறுக்கக் கறுக்க இதன் அளவும் கூடும். பொன்னிறத்தோடு இறக்கிவிடுவது ருசிக்கும் நல்லது, உடம்புக்கும் நல்லது.

மூடியைப் போட்டுப் பொரித்தவர்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், கார்பின் என்ற சிறு ஊரில் சாலையோர உணவகம் நடத்தியவர் ஹார்லண்ட் சாண்டர்ஸ். எலும்போடு கூடிய பெரிய துண்டுகளை வாணலியில் பொரிக்க அரை மணிநேரம் ஆனது. பயணத்தில் இருப்பவர்கள் அவ்வளவு நேரம் காத்திருக்க மாட்டார்கள். முன்கூட்டியே பொரித்து வைத்தால் ருசி போய்விடும். 1939 வாக்கில் சந்தைக்கு வந்திருந்த பிரஷர் குக்கரை அவர் இதற்குப் பயன்படுத்திப் பார்த்தார்.

மூடிய பாத்திரத்தில் கோழியிலிருந்து வரும் ஆவி தேங்கி அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் நீரின் கொதிநிலையும் ஏறும். அழுத்தப் பொரிப்பான்களில் உள்ள அழுத்தத்தில் நீர் சுமார் 117 டிகிரியில்தான் கொதிக்கிறது. இதனால் இரண்டு நன்மைகள். துண்டின் உள்ளே 100 டிகிரிக்கு மேலும் வெப்பம் ஏறுவதால் எலும்பு ஓரம்வரை சீக்கிரம் வேகிறது. நீர் ஆவியாவது தாமதப்படுவதால் கறியில் சாறு தங்குகிறது. 1952இல் சால்ட் லேக் சிட்டியில் பீட் ஹார்மன் என்பவரின் உணவகத்தில் இந்த முறை உரிமம் பெற்று விற்பனைக்கு வந்தது. உலகெங்கும் கிளைகள் பரவியதற்கு 11 மசாலா என்ற விளம்பரத்தைவிட இந்த மூடிதான் பெரிய காரணம். எந்த ஊரில் செய்தாலும் ஒரே நேரத்தில் ஒரே பதம் வந்தது.

வீட்டில் யாரும் இதைச் செய்து பார்க்கக் கூடாது. நம் வீட்டுக் குக்கர் தண்ணீருக்காக வடிவமைக்கப்பட்டது. அதில் எண்ணெயை ஊற்றி மூடினால், 180 டிகிரி எண்ணெய் வெடித்துச் சிதறும் அபாயம் இருக்கிறது. கடைகளில் இருப்பது இதற்கென்றே தனியாகச் செய்யப்பட்ட இயந்திரம்.

அந்தக் கென்டக்கி கோழியின் முதல் இந்தியக் கிளை 1995 ஜூனில் பெங்களூருவில் திறக்கப்பட்டது. பேராசிரியர் நஞ்சுண்டசாமி தலைமையிலான கர்நாடக விவசாயிகள் சங்கம் கடுமையாக எதிர்த்தது. அஜினோமோட்டோ என்று நாம் அழைக்கும் மோனோ சோடியம் குளூட்டமேட்டின் அளவு கூடுதலாக இருக்கிறது என்று மாநகராட்சி உரிமத்தை ரத்து செய்ய, விவகாரம் நீதிமன்றம் போனது. 1996 ஜனவரியில் கடையே தாக்கப்பட்டது. இன்று அதே வகைக் கடைகள் மாவட்டத் தலைநகரங்கள்வரை வந்துவிட்டன.

அண்ணா சாலையில் பிறந்த சட்டிக் கோழி

கென்டக்கி கோழி பெங்களூருவுக்கு வருவதற்கு 30 ஆண்டுகளுக்கு முன்பே தமிழ்நாட்டுக்குச் சொந்தமாக ஒரு பொரித்த கோழி இருந்தது. சென்னை மவுண்ட் ரோட்டில், அதாவது இன்றைய அண்ணா சாலையில், ஏ.எம். புகாரி 1951இல் தொடங்கிய புகாரி ஓட்டலின் பட்டியலில் 1965இல் இடம்பெற்றது சிக்கன் 65. அந்த ஆண்டே பெயரானது என்பது ஓட்டல் தரப்பு சொல்லும் விளக்கம். பிறகு 78, 82, 90 என்றும் அங்கே கோழி வகைகள் வந்தன.

சாண்டர்ஸ் மூடி போட்டுத் தீர்த்த சிக்கலை நம் சமையல்காரர்கள் கத்தியால் தீர்த்தார்கள். துண்டு சிறிதாக இருந்தால் வெப்பம் நடுப்பகுதிவரை சீக்கிரம் போய்ச் சேரும். தடிமன் பாதியானால், வேகும் நேரம் ஏறக்குறைய கால்பங்காகக் குறையும். எனவே எலும்பில்லாத சிறு துண்டைத் திறந்த சட்டியில் சில நிமிடங்களில் பொரித்துவிட முடிகிறது. இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், எலுமிச்சை, சோளமாவு, முட்டை, உப்பு சேர்த்து ஊறவைப்பதும் வெறும் ருசிக்காக மட்டும் இல்லை. உப்பு கறியின் புரத இழைகளை நெகிழ்த்தி நீரைப் பிடித்துவைக்கச் செய்கிறது. இஞ்சியில் புரதத்தைச் சிதைக்கும் நொதி ஒன்று உண்டு. அது கறியை மிருதுவாக்குகிறது. அளவோடு ஊறினால் மெது மெதுவென்றிருக்கும். விடிய விடிய ஊறினால் மேற்புறம் கூழாகிவிடும்.

பக்கோடா கடைகளில் இன்னொரு வழக்கம் உண்டு. மதியமே பாதி பொரித்து எடுத்து வைத்து, ஆள் வந்ததும் மறுபடி சட்டியில் போடுவார்கள். இரண்டு முறை பொரித்தால் மொறுமொறுப்பு கூடுவது உண்மை. இடைவெளியில் உள்ளிருக்கும் ஈரம் ஓட்டுக்கு வந்து சேர்கிறது. இரண்டாம் முறை அதுவும் ஆவியாகிவிடுகிறது. ஆனால் முதல் முறை உட்புறம் முழுதாக வேகாமல், மணிக்கணக்கில் வெளியே கிடந்தால், கிருமிகள் பெருக அதைவிட வசதியான இடம் வேறில்லை. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூடுதான் அவற்றுக்கு ஏற்றது. நம் ஊர் மாலைநேர வெப்பம் அந்த எல்லைக்குள்ளேயே இருக்கிறது. சால்மொனெல்லா, கேம்பைலோபாக்டர் போன்ற கிருமிகள் சாக, துண்டின் நடுப்பகுதி 74 டிகிரியைத் தொடவேண்டும்.

கோழிக்காலைப் பிய்த்தால் எலும்பு ஓரத்தில் செந்நிறமோ கருநிறமோ தெரிவதைப் பார்த்து, வேகவில்லை என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். கறிக்கோழி இளம் பறவை. அதன் எலும்பு இன்னும் முழுதாக இறுகியிருக்காது. மஜ்ஜையில் இருக்கும் நிறமி எலும்பின் நுண்துளைகள் வழியே கசிந்து கறியில் படிகிறது. உறையவைத்த கோழியில் இது அதிகம். நன்றாக வெந்த கோழியிலும் இந்தக் கறை இருக்கும். நிறத்தைவிடச் சாற்றையும் இழையையும் பார்ப்பது மேல். கறி எலும்பை விட்டுக் கழன்று வந்து, இழை வெண்மையாகப் பிரிந்தால் பெரும்பாலும் வெந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

ஊசி போட்ட கோழியா?

பொரித்த கோழி மலிவாகக் கிடைக்கக் காரணம், அதற்குப் பின்னால் இருக்கும் பறவை. 1940களின் இறுதியில் அமெரிக்காவில், நாளைய கோழி என்ற பெயரில் ஒரு போட்டி நடத்தி, வேகமாக வளர்ந்து நெஞ்சுக்கறி நிறையத் தரும் இனங்களைத் தேடினார்கள். அன்று தொடங்கிய தேர்வு இன்னும் நிற்கவில்லை. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1957, 1978, 2005 ஆகிய மூன்று காலத்து இனங்களுக்கும் ஒரே தீவனம் கொடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். 56ஆம் நாளில் 1957 இனம் 905 கிராம். 1978 இனம் 1,808 கிராம். 2005 இனம் 4,202 கிராம். தீவனம் ஒன்றுதான், வேறுபாடு மரபணுவில்.

பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள் என்று கிராமத்தில் பேசாத ஆள் இல்லை. அது உண்மை இல்லை. ஆயிரக்கணக்கான பறவைகள் இருக்கும் கொட்டகையில் ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போட எந்தப் பண்ணையாலும் முடியாது. புரத ஹார்மோனைத் தீவனத்தில் கலந்தால் கோழியின் வயிறே அதைச் செரித்துவிடும். தலைமுறை தலைமுறையான தேர்வு, மக்காச்சோளமும் சோயாவும் கலந்த தீவனம், நோய்த் தடுப்பு இவை மூன்றாலும்தான் ஆறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தாண்டுகிறது. கவலைப்பட வேண்டிய விஷயம் வேறொன்று இருக்கிறது. அது ஆன்டிபயாடிக். மனிதர்களுக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுக்கும் கொலிஸ்டின் மருந்தைக் கோழிகளுக்கும் பயன்படுத்தி வந்ததால், கிருமிகள் அதற்கும் பழகிவிடும் ஆபத்து வந்தது. 2019 ஜூலையில் மத்திய அரசு உணவுக்காக வளர்க்கும் உயிரினங்களுக்கு அதைத் தடை செய்தது. ஊசி வதந்தியில் செலவிடும் கோபத்தை இந்தப் பக்கம் திருப்பினால் ஊருக்கு நல்லது.

தமிழ்நாட்டில் கறிக்கோழிக்குத் தலைநகரம் கொங்கு நாடு. உடுமலைப்பேட்டையில் தொடங்கிய சுகுணா நிறுவனம் 1990களில் ஒப்பந்த வளர்ப்பு முறையைப் பரப்பியது. குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனம் தரும். கொட்டகையும் உழைப்பும் விவசாயியுடையது; கிலோ கணக்கில் வளர்ப்புக் கூலி. பண்ணைக் கொள்முதல் விலையைப் பல்லடத்தில் உள்ள ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கிறது. புரட்டாசி பிறந்தால் விற்பனை படுத்துவிடும், விலையும் இறங்கும். பெருமாள் கோயில் ஊர்களில் அந்த மாதம் பக்கோடா சட்டி பெரும்பாலும் குளிர்ந்தே கிடக்கும்.

கோழியின் மஞ்சள் காலுக்குள் நம் மலைகளின் வரலாறு ஒன்று இருக்கிறது. வீட்டுக் கோழிகள் எல்லாம் தென்கிழக்கு ஆசியப் பக்கத்துச் செங்காட்டுக் கோழியிலிருந்தே வந்தவை என்று டார்வின் எழுதினார். 2008இல் ஸ்வீடன் நாட்டு உப்சாலா பல்கலைக்கழகத்தினர் மஞ்சள் தோலுக்குக் காரணமான மரபணுவை ஆராய்ந்தபோது, அது செங்காட்டுக் கோழியுடையதாக இல்லை. தென்னிந்திய மலைக்காடுகளில் வாழும் சாம்பல்நிறக் காட்டுக்கோழியின் மரபணுவோடு பொருந்தியது. எப்போதோ இங்கே நம் காட்டுக்கோழியோடு வீட்டுக்கோழி கலந்திருக்கிறது. மஞ்சள் நிறமிகளைத் தோலில் சிதைக்கும் நொதி அந்த மரபணுவால் அடங்கிவிடுகிறது. மக்காச்சோளத்தில் இருந்து வரும் மஞ்சள் அப்படியே தோலில் தங்குகிறது. உலகத்தில் எந்த நாட்டில் மஞ்சள் தோல் கோழியைப் பொரித்தாலும், அதில் நம் மலைக்காட்டின் சிறு பங்கு இருக்கிறது.

எண்ணெயின் ஆயுள்

பொரித்த கோழியில் உடம்புக்கு வரும் பெரும் கேடு எண்ணெய் வழியாகத்தான் வருகிறது. அங்கேயும் நீர்தான் தொடக்கம். கறியிலிருந்து வெளிவரும் ஆவி எண்ணெய் மூலக்கூறுகளை உடைத்துக் கொழுப்பமிலங்களைப் பிரிக்கிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் அவற்றைத் தாக்கிச் சிக்கு வாடை பிடிக்கவைக்கிறது. தொடர்ந்து சூடு பட்டால் உடைந்த மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு எண்ணெய் பிசுபிசுக்கிறது. நிறம் கறுக்கிறது, முன்பைவிடக் குறைந்த சூட்டிலேயே புகைகிறது. சோப்புபோன்ற பொருள்கள் சேர்வதால் நுரை தணியாமல் நிற்கிறது. இத்தகைய எண்ணெய் துண்டோடு அதிகமாக ஒட்டும். உள்ளேயும் அதிகமாகப் போகும். பழைய எண்ணெயில் பொரித்தது கையில் வழிவதற்குக் காரணம் இதுதான். பாமாயில் கடைகளுக்குப் பிடித்துப்போனதற்கு விலை மட்டும் காரணமில்லை. ஆக்சிஜனால் எளிதில் தாக்கப்படும் வகைக் கொழுப்பு அதில் குறைவு. கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், கெடவே கெடாது என்று பொருளில்லை.

பழையசீவரத்துக்கு எதிர்க்கரையில், திருமுக்கூடல் வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில், வீரராஜேந்திர சோழன் காலத்து 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை, அதாவது மருத்துவமனை, ஒன்றின் ஏற்பாடுகளை அது சொல்கிறது. அங்கே இருப்பு வைத்த மருந்துகளின் பட்டியலில் தைலங்களும் பழைய நெய்யும் உண்டு. நெய்யில் நீர் மிகக் குறைவு. காற்றுப்படாமல், சூடுபடாமல் வைத்தால் மெதுவாகவே மாறும். அவர்கள் அதை மருந்தாக எண்ணிப் பாதுகாத்தார்கள். நாள்தோறும் 180 டிகிரியில் நீரும் காற்றும் மாவுத்தூளும் சேர்த்துக் காய்ச்சப்படும் சட்டி எண்ணெய்க்கு வயது ஏறுவது வேறு கணக்கு. அதை நாளால் எண்ணக் கூடாது. காய்ந்த மணிநேரத்தால் எண்ணவேண்டும்.

இந்தச் சிதைவை அளக்க ஒரு குறியீடு இருக்கிறது: மொத்தத் துருவச் சேர்மங்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையத்தின் விதிப்படி, 2018 ஜூலை 1 முதல், இது 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது. எண்ணெயில் முக்கி எடுக்கும் கைக்கருவி நொடிகளில் அளவைக் காட்டிவிடும். அதே ஆண்டு, பயன்படுத்திய எண்ணெயைச் சேகரித்து பயோடீசல் ஆக்கும் திட்டத்தையும் ஆணையம் தொடங்கியது. பெரிய கடை கழித்த எண்ணெய் சின்னக் கடைச் சட்டிக்கு வராமல் இருக்க இது தேவையான ஏற்பாடு.

சிவப்பும் வெள்ளையும்

சட்டியில் இருந்து எடுத்ததும் கண்ணைப் பறிக்கும் சிவப்பாக இருந்தால் அதில் மிளகாய் மட்டும் இல்லை. மிளகாய்த்தூளின் இயற்கை நிறம் சூட்டில் செம்பழுப்பாக மாறிவிடும். ரத்தச்சிவப்பு நிற்பது செயற்கைச் சாயத்தால். தமிழ்நாடு அரசு 2024 பிப்ரவரியில், ரோடமின்-பி என்ற துணிச்சாயம் கலந்திருந்ததால் பஞ்சுமிட்டாய்க்குத் தடை விதித்தது. அதே ஆண்டு ஜூனில் கர்நாடக அரசு கோழி, மீன் கபாபுகளில் செயற்கை நிறத்தைத் தடை செய்தது. காஷ்மீரி மிளகாய் போட்டாலே போதிய நிறம் கிடைக்கும். சாயத்தால் ருசிக்கு ஒரு துளி லாபமும் இல்லை.

கோழியோடு தொட்டுக்கொள்ளும் மயோனைஸ் பச்சை முட்டையும் எண்ணெயும் அடித்துச் செய்வது. கோழி 74 டிகிரியைத் தாண்டி வெந்திருக்கும். பக்கத்தில் இருக்கும் முட்டை சூட்டையே பார்த்திருக்காது. 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு பச்சை முட்டை மயோனைஸை ஓராண்டுக்குத் தடை செய்ததற்கு இதுவே காரணம். முட்டை சேர்க்காமல் செய்யும் வகைக்கு அந்தத் தடை இருக்கவில்லை.

வாங்குகிறவருக்கு

குளிரூட்டிய கூடமா, சாலையோரச் சட்டியா என்ற கேள்விக்கு அறிவியல் தரும் பதில், பெயர்ப்பலகையில் இல்லை. அழுத்தப் பொரிப்பானில் வெப்பமும் நேரமும் இயந்திரத்தின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. ஆனால் எண்ணெய் சுவருக்குப் பின்னால், நம் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. சாலையோரக் கடையில் வெப்பமானி கிடையாது. ஆனால் சட்டி நம் முன்னால் திறந்தே இருக்கிறது. 25 சதவீத விதி இரண்டுக்கும் ஒன்றுதான். அதைக் கேட்கும் உரிமையும் இரண்டு இடத்திலும் நமக்கு உண்டு.

அதனால் வாங்குமுன் எண்ணெயைப் பாருங்கள். கறுத்து, பிசுபிசுத்து, நுரை அடங்காமல் புகைந்துகொண்டிருந்தால் திரும்பிவிடுங்கள். கண் முன்னால் பொரித்ததைச் சூட்டோடு வாங்குங்கள். குழந்தைக்குக் கொடுக்குமுன் ஒரு துண்டைப் பிய்த்து உள்ளே வெந்திருக்கிறதா என்று பாருங்கள். மின்னும் சிவப்பு வேண்டாம் என்று கடைக்காரரிடமே சொல்லுங்கள்; கேட்பவர்கள் கூடினால் அவரும் சாயத்தை விட்டுவிடுவார். எண்ணெயைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறைக்குத் தெரிவியுங்கள். நல்ல எண்ணெயில் முழுதாக வெந்த கோழியை எப்போதாவது ஒரு நாள் ஆசைக்குச் சாப்பிடுவதில் தவறே இல்லை. கெட்ட எண்ணெயில் பொரித்தது எந்தப் பெயரில் வந்தாலும், எந்த வாளியில் வந்தாலும், வேண்டாம்.